வராத தோள்வலி

எங்கள் பாட்டனார் காலத்துக் குடும்பங்களில், கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசலாகாத சங்கதிகள் என்று இரண்டு இருந்தன. ஒன்று க்ஷயரோகம், மற்றொன்று ஸ்திரீகளின் கர்ப்பப்பையைச் சேர்ந்த எதுவும். முன்னதைப் பேசினால் வீட்டிலுள்ள பெண்களுக்கு வரன் அமையாது. பின்னதைப் பேசினால் மரியாதை கெட்டுவிடும். இவ்விரண்டு மௌனங்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, ஒரு பாவமும் அறியாத பெண்ணின் தலையில் எவ்வளவு பெரிய பழியை ஏற்றிவிடக்கூடும் என்பதை, என் தகப்பனாரின் தங்கையாகிய அத்தையின் வாழ்க்கையில் நான் அருகிருந்து பார்த்தேன். அத்தை இன்று உயிரோடு இல்லை. தன் உடம்பில் நேர்ந்ததைச் சொல்லிக்கொள்ளப் பிற்காலத்தில் அவள் ஒருபோதும் கூசியதில்லை. "நாலு பேருக்குத் தெரியட்டும், நீ எழுது" என்று அவளே என்னிடம் சொன்னதுண்டு. அந்த அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அத்தை 1947-இல், தன் பதினேழாவது வயதில், கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். நிலபுலன் உள்ள குடும்பம். மாமா இரண்டாவது பிள்ளை. அவள் அந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைத்தபோது, பின்கட்டில் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் மாமனார் இருமிக்கொண்டு படுத்திருந்தார். அது இன்ன வியாதி என்று ஒருவரும் பெயரிட்டுச் சொல்லவில்லை. "பெரியவருக்கு இருமல்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூத்த மருமகளுக்குக் கைக்குழந்தை இருந்தபடியால், அவள் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கக்கூடாதென்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே, இன்னும் பிள்ளை பெறாத புதுப்பெண்ணிடம் அந்தப் பணிவிடை வந்து சேர்ந்தது. கஞ்சி புகட்டுவதும், முதுகைத் தடவிவிடுவதும், சாம்பல் போட்டு வைத்திருந்த பித்தளைப் படிக்கத்தைக் காலையும் மாலையும் கொல்லைக்கு எடுத்துப்போய்க் கொட்டிப் புளிபோட்டுத் தேய்த்து வைப்பதும் அவளுடைய வேலைகளாயின. அந்தப் படிக்கத்தை வெகுநாளைக்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பரணில் நான் பார்த்திருக்கிறேன். தேய்த்துத் தேய்த்து அதன் விளிம்பு ஒரு பக்கத்தில் மெலிந்துபோயிருந்தது.

மறு வருஷம் மாமனார் காலமானார். அதற்கடுத்த வருஷம் அத்தைக்கு மாலைதோறும் ஜுரம் வரத் தொடங்கி, விலாவில் குத்தலெடுத்து, மூச்சு விடுவதே சிரமமாயிற்று. கும்பகோணத்து எல்.எம்.பி. டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, முதுகுப் பக்கமாக ஊசியைச் செலுத்தி அதை இறக்கினார். 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஔஷதம் அப்போது உலகத்தில் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஓய்வும், முட்டையும், பாலும், மீன் எண்ணெயும்தான் வைத்தியம். சில மாதங்களில் ஜுரம் தானாகவே தணிந்து, அத்தை எழுந்து நடமாடி, முன்னிலும் சற்றுச் சதைபோட்டாள். எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். மறந்துவிட வேண்டுமென்று மாமியாரின் உத்தரவும் இருந்தது.

பிறகு வந்தவை காத்திருந்த வருஷங்கள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஊரில் ஒரு பழமொழி சொல்லிச் சிரிப்பார்கள். அப்படித் தொட்டுப் பார்க்கும்படி ஒரு பெண்ணை விரட்டுகிறவர்கள் யார் என்று அந்தப் பழமொழியைச் சொல்லுகிறவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. திருக்கருகாவூரில் அம்பாள் சந்நிதியில் மந்திரித்துக் கொடுக்கும் நெய்யை நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டாள். ராமேசுவரத்துக்குப் போய்ச் சேதுஸ்நானம் செய்தாள். ஜாதகத்தில் நாகதோஷம் என்றார்கள். வேம்பும் அரசும் பின்னி நின்ற மேடையில் நாகப்பிரதிஷ்டை செய்தார்கள். தெய்வ நம்பிக்கையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்தச் சந்நிதிகளில் நின்ற பொழுதுகள்தாம் அந்த வருஷங்களில் தனக்கு மனசு தாங்கிய பொழுதுகள் என்று அத்தையே சொல்லுவாள். ஆனால் இத்தனை பிரயாணங்களுக்கும் நடுவில் அவளை ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றாமற் போனதற்குக் காரணம் இருந்தது. மாதாமாதம் அவளுக்கு விலக்கு நாள் தவறியதில்லை, வலியில்லை, உடம்பில் ஒரு குறையும் வெளியே தெரியவில்லை. உடம்பில் குறையில்லையென்றால் குறை விதியில்தானே இருக்கவேண்டும் என்று அவர்கள் தீர்மானித்துக்கொண்டார்கள். கருக்குழாய் அடைப்பு என்று பின்னால் தெரியவந்த இந்த வியாதியின் கொடுமை முழுவதும் அதிலேதான் இருக்கிறது: பெரும்பாலான பெண்களுக்கு அது தன்னை எந்த அறிகுறியாலும் தெரிவித்துக்கொள்வதில்லை.

ஓரகத்திக்கு மூன்றாவது பிரசவத்துக்கு முன் வளைகாப்பு நடந்தபோது நான் கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். முதல்நாள் இரவு பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களை அளவுவாரியாகப் பிரித்து நூலில் கோத்து வைத்தவள் அத்தை. விடியற்காலை எழுந்து, புளியோதரையும் எலுமிச்சஞ் சாதமும் தேங்காய்ச் சாதமும் சர்க்கரைப் பொங்கலும் தயிர்ச் சாதமுமாக அத்தனையும் கிளறி இறக்கியவளும் அவள்தான். சுமங்கலிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வளையல் இடச்சொன்னபோது அவளை மட்டும் கூப்பிடவில்லை. "அடுப்பிலே பாயசம் இருக்கு, பார்த்துக்கோ" என்று ஒருத்தி அவள் காதில் சொன்னாள். பாயசம் அதற்கு வெகு நேரம் முன்பே இறக்கியாகிவிட்டது.

மாமாவுக்கு மறுமணம் செய்துவைக்கும் பேச்சும் எழுந்தது. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இலேயே வந்துவிட்டதென்றாலும், சட்டம் கிராமத்துத் திண்ணை வரைக்கும் வந்து சேர்வதற்குக் காலம் பிடிக்கும். பெண் கூடப் பார்த்துவிட்டார்கள். மாமா அதிகம் பேசாத மனிதர். "எனக்கு வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அவர் அந்த விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தையிலிருந்து அவரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

1958-இல் நான் சென்னையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு படித்த ஒரு பெண்ணின் தமக்கை எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு நான் மாமாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் பேரில், அவர்கள் இருவரும் புறப்பட்டு வந்து புரசைவாக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். 1844-இல் ஏற்பட்ட அந்த ஆஸ்பத்திரியின் உயர்ந்த விதானங்களையும், வாசலில் தூக்குக் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டிமார்களின் கூட்டத்தையும் பார்த்து அத்தை முதலில் மிரண்டாள். எங்களைப் பார்த்த டாக்டரம்மாள் நடுவயதுக்காரர், வெள்ளைப் புடைவை, மிகவும் மெதுவான பேச்சு. அவர் அத்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே மாமாவைப் பார்த்து, "முதலில் உங்களுக்குப் பரிசோதனை, அது சரியாக இருந்தால்தான் இவர்களுக்கு" என்று சொல்லிவிட்டார். ஆண்பிள்ளையைப் பரிசோதிப்பது என்பதே எங்களில் யாரும் கேள்விப்படாத சங்கதி. மாமா ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கே போகணும், சொல்லுங்கம்மா" என்று எழுந்துவிட்டார். அவரிடம் குறையில்லையென்று மறுநாள் தெரிந்தது. செலவிலும் சிரமத்திலும் ஆண்களுக்கான இந்தப் பரிசோதனை எவ்வளவோ சிறியது. ஆயினும் இதைச் செய்யாமலே எத்தனை பெண்களை மேஜைமேல் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும்.

அத்தைக்குச் செய்த முதற் பரிசோதனை, நியூயார்க் நகரத்து வைத்தியராகிய ஐஸிடோர் ருபின் என்பவர் 1919-இல் கண்டறிந்தது. கர்ப்பப்பையின் வாய்வழியாகக் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளே செலுத்துவார்கள். பாதரசக் கண்ணாடிக் குழாய் ஒன்று அதன் அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கருக்குழாய்கள் திறந்திருந்தால் வாயு அவற்றின் வழியே வயிற்றுக்குள் போய்விடும். பாதரசம் ஏறிய வேகத்தில் இறங்கும். வயிற்றின்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் வாயு வெளிப்படும் சீறல் கேட்கும். பரிசோதனை முடிந்து அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததும், வயிற்றுக்குள் போன வாயு மேலெழும்பி உதரவிதானத்தின் அடியில் தங்குவதால், தோள்பட்டையில் ஒரு வலி தோன்றும். தோள் வலித்தால் வழி திறந்திருக்கிறதென்று அர்த்தம்.

இதை டாக்டரம்மாள் எங்களுக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தார். திரைக்கு இப்பால் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தைக்கு முன்னால் பரிசோதனையான ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, எழுந்து உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் வலது தோளைப் பிடித்துக்கொண்டு "அம்மா, வலிக்குதே" என்று கத்தினாள். நர்ஸம்மாள் சிரித்துக்கொண்டே அவள் முதுகில் தட்டினாள். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணும் கண்ணீரோடு சிரித்தாள். பிறகு அத்தையின் முறை. அவளை வெளியே கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தபோது அவள் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு கையால் வலது தோளைத் தொட்டபடி இருந்தாள். "கொஞ்சம் நேரம் ஆகுமோ என்னமோ" என்றாள். கையை மேலே தூக்கிப் பார்த்தாள். இடத்தோளையும் தொட்டுப் பார்த்தாள். எழுந்து தாழ்வாரத்தின் கோடிவரையில் நடந்து திரும்பி வந்தாள். வலியை வேண்டி அப்படிக் காத்திருந்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பாதரசம் இருநூறு மில்லிமீட்டரைத் தொட்டும் இறங்கவில்லையென்று டாக்டரம்மாள் எனக்குத் தனியாகச் சொன்னார். குழாயின் தசை பயத்தினால் இறுகிக்கொள்வதும் உண்டாதலால் ஒரே பரிசோதனையைக் கொண்டு தீர்மானிக்கமாட்டோம் என்றும், அடுத்த மாதம் மறுபடி வரவேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்த மாதமும் தோள் வலிக்கவில்லை. அதன்பின் அயோடின் கலந்த எண்ணெய் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் படத்தைப் பிடித்து டாக்டரம்மாள் காட்டினார்: நடுவில் கர்ப்பப்பை சிறிய வெள்ளை முக்கோணமாக இருந்தது, அதன் இரு கோடியிலிருந்தும் புறப்பட்ட மெல்லிய கோடுகள் சிறிது தூரம் சென்று, ஆங்காங்கே முடிச்சு விழுந்து, நின்றுபோயிருந்தன. மருந்து அப்பால் ஒரு துளியும் சிந்தவில்லை. அந்த முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே அவர் நிதானமாக, "சின்ன வயதில் உங்களுக்கு மார்பில் நீர் கோத்ததுண்டா?" என்று கேட்டார். சொல்லக்கூடாதென்று பழக்கப்பட்டிருந்த அத்தை மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மாமா தலையசைத்தார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது: மாமனார், இருமல், படிக்கம், ஜுரம், ஊசி.

கர்ப்பப்பையின் உள்தோலில் சிறிது சுரண்டியெடுத்துச் சோதித்ததில் க்ஷயரோகம் ஊர்ஜிதமாயிற்று. சுவாசத்தோடு நுரையீரலில் புகுந்த கிருமிகள் அங்கிருந்து ரத்தத்தில் கலந்து போய்த் தங்கும் இடங்களில் கருக்குழாயும் ஒன்று. பெண்ணுறுப்புகளில் க்ஷயம் பற்றும்போது முதலில் பற்றுவது பெரும்பாலும் அதைத்தான். பற்றினால் பெரும்பாலும் இரண்டு குழாய்களையும் சேர்த்தே பற்றும். நம் நாட்டுப் பெண்களின் குழாய் அடைப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மாள் மருந்துச்சீட்டின் பின்புறத்தில் படம் போட்டு விளக்கினார். இத்தாலி தேசத்துப் பதுவா நகரில் ஆசிரியராக இருந்த ஃபலோப்பியோ என்பவர் 1561-இல் வெளியிட்ட நூலில் முதன்முதலாகச் செம்மையாக வர்ணித்த உறுப்பு அது. ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளம். கர்ப்பப்பையோடு சேரும் இடத்தில் அதன் துவாரம் ஊசி நுழையும் அளவே. மாதம் ஒருமுறை சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டையைக் குழாயின் விரிந்த நுனியிலுள்ள விரல்கள் ஏந்திக்கொள்கின்றன. அந்த முட்டை உயிரோடிருப்பது ஒருநாள் பொழுதுதான். அதற்குள் குழாயின் வெளிப்பகுதியிலேயே அது விந்தணுவைச் சந்தித்தாகவேண்டும். கரு உண்டாவது கர்ப்பப்பையில் அல்ல, குழாயில்தான் என்பது அத்தைக்கு மட்டுமல்ல, எனக்கும் புதிய செய்தி. அப்படி உண்டான கருவைக் குழாயின் உட்புறத்து நுண்ணிய ரோமங்கள் அசைந்து அசைந்து மூன்று நான்கு நாளில் கர்ப்பப்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. குழாய் ஓரளவு மட்டும் அடைபட்டிருந்தால் கரு பாதிவழியில் தங்கி, அங்கேயே வளர்ந்து, குழாயை வெடிக்கச் செய்து தாயின் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். இதையெல்லாம் மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஆத்திலேயும் தண்ணி இருக்கு, வயலும் நல்ல வயல், நடுவிலே மடை தூர்ந்துபோச்சு, அவ்வளவுதானேம்மா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

மாமாவின் பயமெல்லாம் அத்தையைத் தாம்பரம் சானடோரியத்தில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுவார்களோ என்பதுதான். அது அவசியமில்லையென்றார் டாக்டரம்மாள். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் க்ஷயரோகிகள் குணமாக முடியுமா என்று சேத்துப்பட்டில் 1956 முதல் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. முடியும் என்ற அதன் முடிவு 1959-இல் வெளியாகி உலகத்துக்கே வழிகாட்டியாயிற்று. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், ஐசோநயஸிட் மாத்திரைகளும், பாஸ் என்ற குமட்டும் பொடியுமாக ஒரு வருஷத்துக்கு மேல் அத்தை மருந்து சாப்பிட்டாள். வியாதி குணமாயிற்று, குழாய் திறக்கவில்லை. கிருமியை மருந்து கொல்லும். அது விட்டுப்போன தழும்பை மருந்தால் கரைக்க முடியாது. க்ஷயத்தினால் அடைபட்ட குழாயைச் சஸ்திர சிகிச்சை செய்து திறப்பதிலும் பலனில்லையென்று டாக்டரம்மாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அத்தை நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருந்த அந்த வருஷத்திலேயே இந்த மருந்துகள் கிடைத்திருந்தால், என்று நான் அப்போது நினைத்ததை இப்போதும் நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாமா தம் தாயாரை ஊஞ்சலில் உட்காரவைத்து, அண்ணனும் அண்ணியும் கேட்டுக்கொண்டிருக்க, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அந்த அம்மாள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பெரியவளுக்குக் கைக்குழந்தை இருந்தது, அதனாலே இவளை விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் அதற்குப் பின் தன் ஆயுள் உள்ளவரை அத்தையின் மனம் புண்பட ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறர் பேசவும் விட்டதில்லை.

என் மதிப்பில் அத்தை பெரியவளாக ஆனது அதற்குப் பிறகுதான். தன் வியாதியின் பெயரை அவள் மறைக்கவில்லை. குளத்தங்கரையில், கல்யாண வீட்டில், எங்கே ஒரு மருமகளைப் பற்றிக் குத்தலாகப் பேச்சு எழுந்தாலும், "எனக்கு டி.பி. வந்து டியூப் அடைச்சுப்போச்சு. அவளுக்கு என்னன்னு பார்த்தீங்களா? உங்க பிள்ளையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிடுவாள். நம்பிய சில பெண்களைத் தானே தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். எல்லாருக்கும் க்ஷயம் அல்ல. சுத்தமில்லாத பிரசவத்துக்குப் பிறகு கண்ட ஜுரத்தினால் அடைப்பு நேர்ந்தவள் ஒருத்தி. குடல்வால் வெடித்ததால் குழாய் ஒட்டிக்கொண்டவள் ஒருத்தி. ஊர் சுற்றிய கணவன் கொண்டுவந்து கொடுத்த மேகவியாதியால் குழாயில் சீழ் பிடித்தவள் ஒருத்தி. கடைசியில் சொன்னவளை மலடி என்று பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு அந்தக் கணவன் வேறொருத்தியை வைத்துக்கொண்டான். அதை என்னிடம் சொன்னபோது அத்தையின் குரல் நடுங்கியது.

1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் ஓல்டாம் நகரத்து ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுன் என்ற குழந்தை பிறந்தது. பாட்ரிக் ஸ்டெப்டோ, ராபர்ட் எட்வர்ட்ஸ், ஜீன் பர்டி என்ற மூவரும் வருஷக்கணக்கில் செய்த பிரயத்தனத்தின் பலன் அது. முட்டையை வெளியே எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைத்தார்கள். பத்திரிகைச் செய்தியை நான் அத்தைக்குப் படித்துக் காட்டியபோது, அந்தத் தாயின் இரண்டு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தன என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. "அப்போ குழாயே வேண்டாம்னு ஆயிடுத்து" என்றாள். அவள் முகத்தில் பொறாமையின் நிழல்கூட இல்லை. அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் அதே காரியத்தைச் சாதித்ததும், அவரை நம்பாமல் விசாரணைக் குழு வைத்து அவமானப்படுத்தியதும், 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதும் எங்களுக்கு வெகு காலம் கழித்தே தெரியவந்தன. பம்பாயில் 1986-இலும், சென்னையில் 1990-இலும் இந்த முறையில் குழந்தைகள் பிறந்த செய்தி வந்தது.

சென்னைச் செய்தியைப் படித்துவிட்டு அத்தை என் வீட்டுக்குப் புறப்பட்டு வந்தாள். அவள் கிராமத்தில் குத்தகைக்கு உழும் ஒரு குடும்பத்தின் மருமகளுக்கு, முதற் குழந்தை பிறந்து இறந்தபின் இரண்டு குழாயும் அடைத்துவிட்டிருந்தது. வயிற்றில் சிறு துவாரமிட்டுக் கருவியால் பார்த்து, நீல மருந்தை ஏற்றி, அது வெளிவராததைத் தஞ்சாவூரில் உறுதிசெய்திருந்தார்கள். அவளுக்காக விசாரிக்க வந்திருந்தாள் அத்தை. செலவு எவ்வளவு ஆகுமென்று நான் கேட்டறிந்து சொன்னதும் அவள் வாயடைத்துப்போனாள். தனக்குச் செய்த பரிசோதனைகளுக்கும், ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்ட மருந்துகளுக்கும் தர்மாஸ்பத்திரியில் அவள் காலணாவும் கொடுத்ததில்லை.

"இது தர்மாஸ்பத்திரிக்கு எப்போ வரும்?" என்று கேட்டாள். பிறகு என்னைக் காகிதம் எடுக்கச் சொல்லி, சுகாதார இலாகாவுக்கு ஒரு மனு சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். தன் வயதையும், தனக்குக் குழந்தை இல்லாததையும், அதன் காரணத்தையும் முதற் பத்தியில் வைத்தாள். க்ஷய வைத்தியசாலைக்கு வரும் இளம் பெண்களிடம் கல்யாணமாகி எத்தனை நாளாயிற்று, குழந்தை உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் பெண் டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்பது ஒரு கோரிக்கை. ஜில்லா ஆஸ்பத்திரிகளிலாவது ஏழைகளுக்கு இந்தப் புது வைத்தியத்தை இலவசமாகச் செய்யவேண்டும் என்பது மற்றொன்று. கைபடத் தமிழில் கையெழுத்திட்டு, மறுநாள் தானே தபாலாபீசுக்கு வந்து பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் மாமியாரிடம் காட்டுவதற்காக ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு ஊருக்குப் போனாள்.